மகரந்தத்தூள்தானே தாவரத்தின் விந்தணு? அதற்குள் மைட்டாசிஸ் எதற்கு?

குழப்பவாதி:

வணக்கம். இரண்டு பாடங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, தெரிந்தவர்கள் தீர்த்து வையுங்கள்.

விலங்கியலில் விந்தணுவும் முட்டையும் மியாசிஸ் மூலம் உருவாகின்றன என்று போட்டிருக்கிறது. 46 குரோமோசோம் 23 ஆகிறது, சரி, புரிந்தது. தாவரவியலுக்கு வந்தால், மகரந்தத்தூளுக்குள் இருக்கும் உருவாக்க செல் மைட்டாசிஸ் முறையில் பிரிந்து இரண்டு ஆண் கேமீட்டுகளை, அதாவது ஆண் இனச்செல்களைத் தருகிறது என்கிறார்கள். மைட்டாசிஸில் குரோமோசோம் எண்ணிக்கை மாறவே மாறாதே, அப்புறம் எப்படிப் பாதியாகும்? அச்சுப்பிழையா?

அதைவிட, மகரந்தத்தூள்தானே தாவரத்தின் விந்தணு? அப்படியென்றால் விந்தணுவுக்குள்ளே இன்னும் இரண்டு விந்தணு என்றல்லவா ஆகிறது.

கடைசியாக ஒன்று. ஒரு தாய் செல்லிலிருந்து நான்கு விந்தணு வருகிறது, ஆனால் முட்டை மட்டும் ஒன்றே ஒன்று. மீதி மூன்று ஏன் வீணாகிறது? மனப்பாடம் பண்ணி எழுதிவிடலாம்தான், ஆனால் ஏன் என்று தெரியாமல் படித்தால் அடுத்த வாரமே மறந்துவிடுகிறது.

இலைநரம்பு:

அச்சுப்பிழை இல்லை. இரண்டு பாடமும் சரி. நடுவில் ஒரு தலைமுறை இருக்கிறது, அதைப் பூக்கும் தாவரப் பாடத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், எல்லாக் குழப்பமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

விலங்கில் மியாசிஸ் முடிந்ததும் கிடைப்பது நேராக கேமீட். தாவரத்தில் மியாசிஸ் முடிந்ததும் கிடைப்பது கேமீட் இல்லை, வித்து. விதை இல்லை, ஸ்போர் என்கிறோமே அது. அந்த வித்தில் குரோமோசோம் ஏற்கெனவே பாதியாகிவிட்டது. அது யாரோடும் சேராமல், தானாகவே மைட்டாசிஸ் முறையில் பிரிந்து பிரிந்து ஒரு சின்னத் தாவரமாக வளர்கிறது. அதன் எல்லா செல்லிலும் பாதி எண்ணிக்கைதான். அந்தச் சின்னத் தாவரம்தான் முட்டையையும் விந்தணுவையும் உண்டாக்குகிறது. ஏற்கெனவே பாதியாக இருப்பதை மறுபடியும் பாதியாக்க முடியாது, அதனால் அங்கே மைட்டாசிஸ் போதும். நீங்கள் தேடும் மியாசிஸ் நடந்துதான் இருக்கிறது, ஒரு படி முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பூவைப் பார்த்துப் பயனில்லை, பெரணியைப் பாருங்கள். பெரணி இலையின் அடியில் பழுப்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், அதற்குள்தான் மியாசிஸ் நடந்து வித்துகள் உண்டாகின்றன. வித்து ஈர மண்ணில் விழுந்தால் உடனே பெரணிச் செடி வராது. சில மில்லிமீட்டர் அகலத்தில், இதய வடிவத்தில், மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய பச்சைத் தகடு வரும். அதற்குத் தண்டும் கிடையாது, உண்மையான இலையும் வேரும் கிடையாது, பல பேர் பாசி என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். அதுதான் கேமீட்டகத் தாவரம். அதன் அடிப்பக்கத்தில், இதயத்தின் பள்ளத்துக்கு அருகே முட்டை இருக்கும் குடுவைகள், கொஞ்சம் தள்ளி வேர் போன்ற இழைகளுக்கு நடுவே விந்தணுப் பைகள். மழைத்துளி பட்டால் பை திறந்து, சுருள் சுருளான விந்தணுக்கள் ஏராளமான கசையிழைகளை ஆட்டிக்கொண்டு நீந்திப் போய் முட்டையைச் சேரும். சேர்ந்த பிறகு வளர்வதுதான் நமக்குத் தெரிந்த பெரணி. இப்படி இரண்டு தலைமுறை மாறி மாறி வருவதை 1851இல் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் பாசியிலிருந்து ஊசியிலை மரம் வரை ஒப்பிட்டுக் காட்டினார். குரோமோசோம் என்ற ஒன்றைப் பற்றி யாருக்கும் தெளிவாகத் தெரியாத காலம் அது, எனக்கு இன்னும் அதுதான் ஆச்சரியம்.

இப்போது பூவுக்கு வருவோம். பெரணியில் மண்ணில் தனியாக வாழ்ந்த அந்தக் குட்டித் தாவரம் பூக்கும் தாவரத்தில் சுருங்கிச் சுருங்கி ஆண் பக்கத்தில் மூன்றே செல் ஆகிவிட்டது. அந்த மூன்று செல் தாவரம்தான் மகரந்தத்தூள். அதாவது மகரந்தத்தூள் விந்தணு இல்லை, விந்தணுவை உண்டாக்கிச் சுமந்து செல்லும் ஒரு முழு ஆண் தாவரம்.

நடப்பது இப்படி: மகரந்தப்பைக்குள் தாய் செல் மியாசிஸில் பிரிந்து நான்கு நுண்வித்துகளைத் தருகிறது. நான்கும் கொஞ்ச நேரம் ஒரே உறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்து பிறகு பிரிகின்றன. ஒவ்வொரு நுண்வித்தும் மைட்டாசிஸில் இரண்டாகப் பிரியும், ஆனால் சமமாக இல்லை. ஒன்று பெரியது, பின்னால் மகரந்தக் குழாயாக நீளப்போவது அதுதான். இன்னொன்று சின்னது, உருவாக்க செல். அந்தச் சின்ன செல் பெரிய செல்லுக்குள்ளேயே போய்ச் செல்லுக்குள் செல்லாக மிதந்துகொண்டிருக்கும். அது இன்னொரு முறை பிரிந்தால் இரண்டு விந்து செல். பெரும்பாலான தாவரங்களில் பூவை விட்டு மகரந்தம் புறப்படும்போது இந்தக் கடைசிப் பிரிவு நடந்தே இருக்காது, குழாய் வளர்ந்து போய்க்கொண்டிருக்கும் வழியில்தான் நடக்கும்.

நம்ப முடியாவிட்டால் இதைக் கேளுங்கள். 1964இல் டெல்லி பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தை இனம் ஒன்றின் மகரந்தப்பைகளை ஊட்டக் கரைசலில் வளர்த்தார்கள். அதிலிருந்து கருக்கள் வளர்ந்தன. அவை மகரந்தத்திலிருந்து வந்தவை, செல்களில் பாதிக் குரோமோசோம்தான். முட்டை இல்லை, கருவுறுதல் இல்லை. விந்தணுவை எதில் போட்டு வளர்த்தாலும் அது ஒரு விலங்காக வளராது. இன்றைக்கு நெல், பார்லி ஆராய்ச்சியில் தூய வரிசை ரகங்களைச் சீக்கிரம் உண்டாக்க இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள், பாதியாக வளர்ந்த செடியில் குரோமோசோமை இரட்டிப்பாக்கிவிட்டால் எல்லா மரபணுவும் ஒரே மாதிரி ஜோடியாகிவிடும்.

பெண் பக்கம் சுருக்கமாக. சூலுக்குள் ஒரு தாய் செல், மியாசிஸில் நான்கு பெருவித்துகள், மூன்று செத்துப்போகும், பிழைத்த ஒன்றின் உட்கரு மூன்று முறை மைட்டாசிஸ் அடைந்து எட்டு உட்கரு ஆகும். எட்டு உட்கரு, ஏழு செல், அதில் ஒன்றுதான் முட்டை. மீதி ஆறும் துணைக்கு. எல்லாத் தாவரத்திலும் அச்சு அசலாக இப்படியே இருக்காது, ஆனால் பாடத்தில் வருவது இதுதான், பெரும்பாலான தாவரங்களுக்கும் இதுதான்.

செல்லரசன்:

இலைநரம்பு தாவரத்தை முடித்துவிட்டார், மூன்றாவது கேள்வி விலங்குப் பக்கம், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு, ஒன்று என்ற கணக்கை மட்டும் பார்த்தால் வீண் போல் தெரியும். விந்தணுவும் முட்டையும் என்ன வேலைக்கு இருக்கின்றன என்று பார்த்தால் சரியாகிவிடும். விந்தணு பாதிக் குரோமோசோமைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. முட்டை அப்படி இல்லை. மனித முட்டை கருவுற்ற பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கருவின் சொந்த மரபணுக்கள் சரியாக வேலையைத் தொடங்கியிருக்காது, முட்டைக்குள் தாய் சேர்த்து வைத்த புரதமும் ஆர்.என்.ஏ.வும் வைத்துத்தான் அது பிரிந்துகொண்டிருக்கும். கருப்பைச் சுவரில் பதிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை கையிருப்பு மட்டும்தான். அந்தக் கையிருப்பை நான்காகப் பங்கு போட்டால் நான்கும் பிழைக்காது. அதனால் சொத்தைப் பிரிக்காமல் ஒரே பிள்ளை பேருக்கு எழுதி வைப்பது போல, சைட்டோபிளாசம் முழுவதும் ஒரு செல்லுக்கே போகிறது. கழிக்க வேண்டிய குரோமோசோம் மட்டும் துருவ செல் என்ற ஒரு சின்னப் பொட்டலமாக ஓரத்தில் தள்ளப்படுகிறது. அளவைப் பார்த்தாலே தெரியும், மனித முட்டை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், கூர்ந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியும். விந்தணுவின் தலை அதில் இருபதில் ஒரு பங்கு நீளம்தான்.

இன்னொரு பெரிய வித்தியாசம் காலம். இதைத் தேர்வில் கேட்பார்கள், கேட்காவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆணில் மியாசிஸ் பருவ வயதில்தான் தொடங்கும், தொடங்கினால் நிற்காது, வயதான பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். விந்தகத்தின் ஒரு நுண்குழலைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் அந்த வரிசை முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். வெளிச்சுவரை ஒட்டி ஸ்பெர்மேட்டோகோனியம் செல்கள், இவை மைட்டாசிஸில் பெருகிக்கொண்டே இருப்பதால்தான் கையிருப்பு தீர்வதில்லை. அதற்கு உள்பக்கம் கொழுத்த முதல்நிலை செல்கள், மியாசிஸில் இருப்பவை. இன்னும் உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள், மியாசிஸை முடித்த ஸ்பெர்மேட்டிட்கள். நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நோக்கி வால்கள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றுக்கு இடையே அடியிலிருந்து நடு வரை உயரமாக நிற்பவை செர்டோலி செல்கள், வளரும் செல்களுக்கு ஊட்டம் கொடுப்பது அவைதான். உருண்டை செல் விந்தணுவாக மாறும்போது சைட்டோபிளாசத்தின் பெரும்பகுதியைக் கழற்றிப் போட்டுவிடும், அந்த மிச்சத்தைச் செர்டோலி செல் விழுங்கிவிடும். டி.என்.ஏ.வைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன் புரதத்துக்குப் பதிலாகப் புரோட்டமின் என்ற வேறு புரதம் வந்து இறுக்கிக் கட்டிவிடும். தொடக்கத்திலிருந்து முடிய மனிதரில் ஏறக்குறைய 74 நாள், அதன் பிறகு விந்தகத்தை ஒட்டியுள்ள எபிடிடிமிஸ் என்ற சுருள் குழாயில் முதிர்வதற்குக் கொஞ்ச நாள்.

பெண்ணில் கதையே வேறு. அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே மியாசிஸ் தொடங்கிவிடுகிறது. கருவுக்கு ஐந்து மாதம் ஆகும்போது 60 முதல் 70 லட்சம் முட்டைத் தாய் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவ வயதில் 3 முதல் 4 லட்சம். அத்தனையும் மியாசிஸின் முதல் கட்டத்திலேயே உறைந்து நிற்கும். மாதம் ஒன்றாக வெளியே வருவது வாழ்நாளில் மொத்தம் 400 போல. முட்டை வெளியேறுவதற்குச் சற்று முன், அதைத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் ஏறும்போது முதல் பிரிவு முடியும், இரண்டாம் பிரிவு தொடங்கி மறுபடி பாதியில் நிற்கும். விந்தணு உள்ளே நுழைந்தால் மட்டுமே அது முடியும். அதாவது மியாசிஸை முழுதாக முடித்த, ஆனால் கருவுறாத மனித முட்டை என்று ஒன்று கிடையவே கிடையாது. நுழையாவிட்டால் முடிக்காமலே அழிந்துவிடும்.

நாற்பது வயதுப் பெண்ணின் முட்டை நாற்பது வருடத்துக்கும் மேலாக அப்படியே நின்றிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குரோமோசோம் ஜோடிகளைப் பிடித்து வைத்திருக்கும் கோஹீசின் என்ற புரதம் அத்தனை காலமும் தாங்க வேண்டும். அது தளர்ந்தால் பிரிவு சரியாக நடக்காது. தாயின் வயது கூடக் கூட ஒரு குரோமோசோம் கூடுதலாக வரும் டவுன் நோய்க்குறி போன்றவை அதிகமாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முள்ளெலி:

நல்ல பதில்கள். ஆனால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த குழப்பம் இங்கேதான் முளைக்கும். விலங்கில் மூன்று துருவ செல், தாவரத்தில் மூன்று பெருவித்து சாவது, இரண்டும் ஒன்று என்று பல பேர் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். வெளித்தோற்றத்துக்கு ஒன்று போல இருக்கிறதே தவிர ஒன்று இல்லை. துருவ செல் பிறக்கும்போதே குறைப்பிறவி, சைட்டோபிளாசம் கிடைக்காதது. பெருவித்துகள் நான்கும் ஓரளவு ஒத்த அளவில்தான் பிறக்கின்றன, பிறகு மூன்று திட்டமிட்டுச் சாகின்றன. தவிர, பிழைத்த பெருவித்து முட்டை இல்லை, இன்னும் மூன்று பிரிவு பாக்கி இருக்கிறது. முதல் துருவ செல்லும் பல நேரம் மறுபடி பிரியாது, அதனால் மனிதரில் எப்போதும் மூன்று துருவ செல் இருக்கும் என்றும் எழுதாதீர்கள்.

விலங்கு என்றால் மியாசிஸ்தான் கேமீட்டைத் தரும் என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. ஆண் தேனீ. அது கருவுறாத முட்டையிலிருந்து வருவதால் அதற்கு 16 குரோமோசோம்தான், ராணிக்கு 32. ஏற்கெனவே பாதி, அதனால் விந்தணு செய்யும்போது எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. இலைநரம்பு சொன்ன அதே காரணம்.

குழப்பவாதி:

இப்போது தெளிவாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. இப்படி எழுதி வைத்துக்கொண்டேன், சரியா பாருங்கள்:

விலங்கு: தாய் செல், மியாசிஸ், கேமீட்.
தாவரம்: தாய் செல், மியாசிஸ், வித்து, மைட்டாசிஸ், கேமீட்டகத் தாவரம், மைட்டாசிஸ், கேமீட்.

இன்னும் இரண்டு சந்தேகம். பெரணியில் விந்தணு நீந்துகிறது, பூவில் ஏன் நீந்துவதில்லை? முட்டை ஒன்றுதான் என்றால் இரண்டு விந்து செல் எதற்கு?

இலைநரம்பு:

சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

நீந்த வேண்டிய தேவையே இல்லை, குழாய் வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் நூல்களைப் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு நூலும் ஒரு சூலோடு சேர்ந்தது, மகரந்தக் குழாய் அந்த நூலுக்குள் 20, 30 சென்டிமீட்டர் நீள்வதெல்லாம் ஒரு நாள் வேலை. சூலுக்குள் முட்டைக்குப் பக்கத்தில் இரண்டு துணைச் செல்கள் இருக்கும், சினர்ஜிட் என்பார்கள், குழாயை வேதிப்பொருள் விட்டு அழைப்பது அவைதான். குழாய் அதில் ஒன்றுக்குள் நுழைந்து வெடிக்கும். வெளியே வரும் இரண்டு விந்து செல்லில் ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, இன்னொன்று அந்த ஏழு செல்லில் நடுவே இரண்டு உட்கருவோடு இருக்கும் மைய செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூணாகிறது. நாம் தானியம் என்று அரைக்கும் மாவு பெரும்பாலும் அந்த இரண்டாவது சேர்க்கையில் வந்ததுதான். 1898இல் செர்கேய் நவாஷின் கண்டது.

குழாய் இருந்தும் நீந்துபவை உண்டு, அது சுவாரசியமான இடம். கிங்கோ மரத்திலும் சைக்கஸிலும் மகரந்தம் குழாய் விடும், ஆனால் அந்தக் குழாய் பெரும்பாலும் திசுவில் ஊன்றி உணவு உறிஞ்சத்தான். கடைசியில் குழாயின் அடிப்பகுதி வெடித்து, கசையிழை உள்ள விந்தணுக்கள் கொஞ்ச தூரத்தை நீந்தியே கடக்கும். கிங்கோவில் இதை 1896இல் டோக்கியோவில் ஹிராசே சகுகோரோ பார்த்தார், அதே ஆண்டு இகேனோ சைக்கஸில் பார்த்தார். சைக்கஸ் வகைகளின் விந்தணு கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியது, மனித விந்தணுவெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

செல்லரசன்:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், பாடத்தில் இது வராமல் போவது எனக்குக் குறைதான். விலங்கில் எந்த செல் கேமீட் ஆகப்போகிறது என்பது கரு மிகச் சின்னதாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மனிதக் கருவில் அந்த செல்கள் மூன்றாவது வாரம் போல மஞ்சள்கருப் பையின் (yolk sac) அருகில் தென்படும், அங்கிருந்து நகர்ந்து நகர்ந்துதான் பிறப்புறுப்புச் சுரப்பி உருவாகும் இடத்துக்கு வந்து சேரும். தாவரத்தில் அப்படி ஒதுக்கி வைப்பது கிடையாது. இலை விட்டுக்கொண்டிருக்கும் அதே குருத்துநுனி ஒரு நாள் பூவாக மாறி, அதிலிருந்து தாய் செல் வருகிறது. அதனால் ஒரு கிளையில் நேர்ந்த மரபணு மாற்றம் அந்தக் கிளையின் பூ வழியாக விதைக்குப் போக முடியும். நம் தோலில் நேர்ந்த மாற்றம் பிள்ளைக்குப் போக வழியே இல்லை.

பூந்தாது:

இவ்வளவு படித்தாகிவிட்டது, மகரந்தக் குழாயைப் பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாமே. 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, போரிக் அமிலம் மிகச் சிறிதளவு. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, காசித்தும்பை மகரந்தத்தை ஊசி முனையால் தூவி, அரை மணி நேரம் காயாமல் வைத்திருந்து பாருங்கள். தூளை விடப் பல மடங்கு நீளத்துக்குக் கண்ணாடிக் குழல் மாதிரி நீண்டிருக்கும், உள்ளே துகள்கள் ஓடுவதும் தெரியும்.

குழப்பவாதி:

வெறும் தண்ணீரில் போட்டால் வராதா?

பூந்தாது:

பல தூள்கள் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும், சர்க்கரை அதைத் தடுக்கத்தான், குழாய் வளர உணவும் அதுதான். முந்தைய நாளே பூத்த பூவில் எடுக்காதீர்கள், முளைப்பது குறைவாக இருக்கும், அன்றைக்குக் காலையில் விரிந்ததில் எடுங்கள். உள்ளே இருக்கும் உட்கருவைப் பார்க்க வேண்டுமென்றால் அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு போட வேண்டும், ஆனால் சாயம் போட்டால் குழாய் செத்துவிடும், அதனால் ஓடுவதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள்.